கேட்பதை மட்டும் விற்றால் போதாதா?

தொடக்கக் கேள்வி: அரசலாற்றங்கரை
மே 27, இரவு 9.40

கும்பகோணம் பக்கம் சின்னக் கடைகளுக்கு விளம்பரம் செய்து கொடுக்கிறேன். மூன்று வருட அனுபவத்தில் சொல்கிறேன். மக்கள் எதைக் கேட்கிறார்களோ அதைக் காட்டினால் கூட்டம் வருகிறது. எது நல்லது என்று பாடம் எடுத்தால் ஒருவரும் நிற்பதில்லை. ஒரு செக்கு எண்ணெய்க் கடைக்கு ‘எண்ணெயைக் குறைத்து, நல்லதாகச் சாப்பிடுங்கள்’ என்று பதிவு போட்டேன். ஒரு போன்கூட வரவில்லை. ‘ஒரு லிட்டர் வாங்கினால் கால் லிட்டர் இலவசம்’ என்று போட்டேன். போன் ஓயவில்லை. தேவை, நன்மை என்பதெல்லாம் மேடைக்குத்தான். கேட்பதைக் கொடு, காசை வாங்கு. மாற்றுக் கருத்து இருந்தால் அனுபவத்தோடு சொல்லுங்கள்.

பாமணிக்கரை உரக்கடை
மே 28, காலை 5.10

தம்பி, அனுபவத்தோடு கேட்டாய், சொல்கிறேன். மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் போகும் சாலையில் உரக்கடை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்தது. பதினோரு வருடமாக என் பொறுப்பு. நீ சொல்வதில் முதல் பாதி உண்மை. யூரியா கேட்டு வந்தவரிடம் மண் பரிசோதனை பற்றிப் பேச ஆரம்பித்தால் வண்டியை அணைக்காமலே அடுத்த கடைக்குப் போய்விடுவார். இரண்டாம் பாதியை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. நீ நல்லதைத் தனியாக ஒரு பதிவாகவும், கேட்டதைத் தனியாக இன்னொரு பதிவாகவும் போட்டிருக்கிறாய். இரண்டையும் ஒரே இலையில் பரிமாறிப் பார்த்தாயா?

கடை திறக்கிற நேரம். இரவு விரிவாக எழுதுகிறேன்.

மே 28, இரவு 10.05

அப்பா காலத்தில் வருடக் கடைசியில் தினசரி காலண்டர் அடித்துக் கொடுப்போம். நல்ல நேரம், ராகு காலம், முகூர்த்த நாள் பார்க்க எல்லா வீட்டுக்கும் காலண்டர் வேண்டும். அது அவர்கள் கேட்பது. அப்பா சாமி படத்துக்கும் தாள் கட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் அகலம் விடச் சொல்லி அச்சகத்தில் ஒவ்வொரு வருடமும் மல்லுக்கு நிற்பார். அந்த இடத்தில் நடவுக்கு முன் இடும் அடியுரம் எப்போது, நட்ட பிறகு இடும் மேலுரம் எப்போது, ஒரு மா நிலத்துக்கு எவ்வளவு என்று சின்ன எழுத்தில் இருக்கும். ராகு காலம் பார்க்கிற கண் தினமும் அதைக் கடந்துதான் போக வேண்டும். காலண்டர் வாங்கிப்போன யாரும் அதைப் பாடமாக நினைத்ததில்லை.

நான் பொறுப்புக்கு வந்ததும் அதை மறந்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்து, தினமும் காலையில் ஒரு பயிர் ஆலோசனை போட்டேன். முதல் வாரம் கைகூப்பும் படங்களாக வந்து விழுந்தன. இரண்டாம் மாதம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைக்கு வந்த ஒருவரிடமே கேட்டேன். “அக்கா, நல்லதுதான் போடுறீங்க. எனக்கு வேண்டியது அதுல ஒண்ணுமில்ல” என்றார். உங்களுக்கு என்ன வேண்டும் என்றேன். “தண்ணி எப்ப வரும்னு போடுங்க.”

மறுநாளே கடை வாசலில் ஒரு கரும்பலகை வைத்தேன். மேலே மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி, நீர்வரத்து எவ்வளவு. கீழே பயிர் பற்றி ஒரே ஒரு வரி. ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை என்று எனக்கு நானே கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன். முதல் நாள் எழுதிய வரி இன்னும் ஞாபகம் இருக்கிறது: ‘சம்பா வயல் சும்மா கிடந்தால் தக்கைப்பூண்டு விதையுங்கள், 45 நாளில் மடக்கி உழுங்கள்.’ தக்கைப்பூண்டு மண்ணுக்கு உரமாக மடக்கி உழுகிற பசுந்தாள் பயிர். அதே வரியை வாட்ஸ்அப்பில் போட்டபோது ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. பலகையில் எழுதிய அன்று நான்கு பேர் உள்ளே வந்து விதை எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள்.

மே 29, மதியம்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். மேட்டூர் நீர்மட்டம்தான் அவர்கள் கேட்டது என்று எழுதிவிட்டேன். கொஞ்ச நாளிலேயே அது சரியில்லை என்று தெரிந்தது. மேட்டூர் 120 அடி நிரம்பினால் டிவியிலேயே பொங்கிப் பொங்கிச் சொல்வார்கள், என் பலகை எதற்கு? எங்கள் ஊருக்குத் தெரிய வேண்டியது வேறு. கல்லணையில் திறக்கும் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். எங்களுக்கு வருவது வெண்ணாற்றுத் தண்ணீர். அதுவும் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில், அதாவது ஆறு மூன்றாகப் பிரியும் மதகில், வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மறுபடி பிரிந்த பிறகுதான். பாமணிக்கு இன்று தண்ணீர் விட்டார்களா, இல்லை ஆற்றுக்கு ஆறு மாற்றி மாற்றி விடும் முறை வைத்திருக்கிறார்களா என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

சின்னம்மா மகன் தலைப்புக்குப் பக்கத்தில் இருக்கிறான். காலையில் டீ குடிக்கப் போகும்போது பார்த்துச் சொல்லிவிடுவான். அதை எழுத ஆரம்பித்த பிறகுதான் பலகைக்கு உயிர் வந்தது. பள்ளிக்கூட வேன் ஓட்டுநர்கூட வேகத்தைக் குறைத்துப் படித்துவிட்டுப் போனார்.

தம்பி, இதை உன் தொழிலுக்காகவும் சொல்கிறேன். ‘மக்கள் கேட்பது’ என்று நாம் முதலில் நினைப்பது பெரும்பாலும் மேலோட்டமானது. இன்னும் இரண்டு தடவை கேட்க வேண்டும்.

ஜூன் 3, இரவு 11.20

இங்கே ஒருவர் கேட்டிருக்கிறார், ‘ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தலையில் கட்டுவதுதானே இது?’ என்று. இந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. காரணம், நான் தலையிலும் கட்டியிருக்கிறேன்.

யூரியா 45 கிலோ மூட்டைக்கு அரசு விலை 266 ரூபாய் 50 காசு. மானியம் போகத்தான் இந்த விலை. கைரேகை வைத்து, கருவியில் பதிந்து விற்கிறோம். இதில் கடைக்காரருக்கு மிஞ்சுவது சொற்பம். நடவு முடிந்து எல்லாரும் ஒரே வாரத்தில் மேலுரத்துக்கு வரும்போது யூரியா தட்டுப்பாடு வரும். அப்போது மொத்த வியாபாரி ஒருவர் சொன்னார்: “லோடு வேணும்னா இந்தப் பெட்டிகளையும் எடுத்துக்கணும்.” பெட்டிக்குள் பயிர் டானிக் பாட்டில்கள். ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்று என்று விற்கக் கூடாது, சட்டம் அனுமதிக்காது. தெரிந்தும் எடுத்துக்கொண்டேன். ஒரு குறுவைப் பருவம் முழுக்க, மூன்று மூட்டை யூரியாவுக்கு ஒரு பாட்டில் என்று நானும் கட்டிவிட்டேன். ‘பயிருக்குத் தேவைதான், தூர் நல்லா கட்டும்’ என்று வேறு சொன்னேன்.

ஒரு பெரியவர் பாட்டிலை வாங்கிக் கடை வாசல் திண்ணையிலேயே வைத்துவிட்டு, மூட்டையை மட்டும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவோடு பழகியவர். அதன் பிறகு இரண்டு வருடம் கடைக்கு வரவில்லை. பாட்டில் விலை 320 ரூபாய். அவருக்கு அது ஒரு நடவு ஆள் கூலி.

அதனால் அந்த நண்பருக்கு என் பதில் இதுதான். பலகையின் மேல் வரியைப் படித்துவிட்டுக் கீழ் வரியைப் படிக்காமல் போக ஒருவருக்குச் சுதந்திரம் இருக்கிறது. தண்ணீர்ச் செய்தி அவருக்கு இலவசம், எதுவும் வாங்க வேண்டாம். நான் கட்டிவிட்ட பாட்டிலில் அந்தச் சுதந்திரம் இல்லை. அன்றைக்கு நான் ‘தேவை’ என்று சொன்னது அவருடைய வயலுக்கான தேவையே இல்லை. என் கல்லாவுக்கான தேவை.

ஜூன் 4, காலை

இரவு எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அந்தப் பெரியவர் போன பிறகு, பலகையின் கீழ் வரிக்கு ஒரு விதி வைத்தேன். ஒரு மாதத்துக்கு என் கடையில் விற்காத விஷயத்தை மட்டும்தான் எழுதுவது.

முதல் வாரம் எழுதியது முட்டைச் சோதனை. வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வர வேண்டும். நல்ல கோழி முட்டையைப் போட்டால், பழைய 25 பைசா நாணயம் அகலத்துக்கு அதன் மேல்பகுதி வெளியே தெரிய வேண்டும். அதுதான் பதம். அதில் விதை நெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறையும் மிதக்கும், திடமான விதை மூழ்கும். மூழ்கியதை எடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிட வேண்டும். உப்பு நின்றால் முளைப்பு கெடும். உப்பு மளிகைக் கடையில், முட்டை அவரவர் வீட்டில். எனக்கு ஒரு பைசா கிடையாது.

அந்த மாதத்தில்தான் “நீங்க சொன்னா சரியா இருக்கும்” என்ற பேச்சை முதல் தடவை கேட்டேன்.

ஜூன் 14, இரவு

ஜூன் 12 மேட்டூர் திறந்தாயிற்று. மூன்று நாளாகக் கடையில் நிற்க இடமில்லை. பலகையைப் படம் எடுத்துப் போடச் சொன்னவர்களுக்கு: போடுகிறேன், கொஞ்சம் பொறுங்கள். இன்றைய மேல் வரி ‘மேட்டூர் தண்ணீர் கல்லணைக்கு வர இன்னும் ஒன்றிரண்டு நாள்’. கீழ் வரி ‘வாய்க்காலைத் தூர்வாரியாச்சா? பக்கத்து வயல்காரரையும் கூப்பிடுங்கள்’.

ஜூன் 27, மதியம் 2.30

பம்புசெட் வைத்து முன்கூட்டியே நட்டவர்களுக்கு இப்போது நட்டு மூன்று வாரம். வருகிற எல்லாரும் ஒரே வார்த்தை சொல்கிறார்கள்: “பயிர் பச்சை கட்டல. யூரியா குடுங்க.”

இலையைக் கொண்டுவரச் சொன்னேன். அடி இலைகளில் துரு பிடித்தது மாதிரி பழுப்புப் புள்ளிகள், நடு நரம்பின் அடிப்பக்கம் வெளுப்பு, வயலில் திட்டுத் திட்டாகக் குட்டை. பார்த்தாலே ஜிங்க் குறை தெரிகிறது. ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ காய்ந்த மணலில் கலந்து நடவுக்கு முன்னாலேயே வீசியிருக்க வேண்டும். டி.ஏ.பி. உரத்தோடு மட்டும் கலக்கக் கூடாது, அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஜிங்க்கைக் கட்டிப்போட்டுவிடும். இப்போது யூரியா மட்டும் கொட்டினால் நாலு நாள் பச்சை காட்டும். பின்னாலேயே இலைச்சுருட்டுப் புழுவும் புகையான் பூச்சியும் வரும், கதிர் முற்றும்போது பயிர் சாயும்.

இதில் எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொள்ள எனக்கு நாலு வருடம் ஆனது. ஆரம்பத்தில் “யூரியா வேண்டாம், ஜிங்க் போடுங்க” என்பேன். முகம் சுருங்கிவிடும். அவர் கேட்டதை நான் மறுத்துவிட்டேன், அதற்கு மேல் நான் சொல்வது எதுவும் காதில் ஏறாது. இப்போது கேட்ட யூரியாவை முதலில் எடுத்து வைத்துவிடுகிறேன். பிறகு அவருடைய இலையை அவர் கையிலேயே கொடுத்து, “இந்தப் புள்ளி யூரியாவுக்குப் போகாதுண்ணே, பாருங்க” என்பேன். இரண்டில் ஒருவர் யூரியாவில் பாதியைத் தள்ளி வைத்துவிட்டு ஜிங்க் வாங்கிப் போகிறார். மற்றவர் வாங்குவதில்லை. சரி, அடுத்த வருடம் வாங்குவார்.

ஜூலை 2, இரவு 10.45

போன குறிப்பைத் திரும்பப் படித்தேன். எல்லாம் எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது என்ற தொனி இருக்கிறது. அது உண்மை இல்லை. இன்று நடந்ததைச் சொல்கிறேன்.

ஒருவர் வந்தார். ஒன்பது மா குத்தகைச் சாகுபடி, மூன்று ஏக்கர் கணக்கு. இலையைப் பார்த்தேன். பயிர் நன்றாகவே இருக்கிறது, பச்சையும் போதும். ஆனாலும் யூரியா வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். நான் புழு, புகையான், சாய்தல் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்:

“தெரியும்மா. ஆடியில கோயில் கொடைக்கு நிலத்துக்காரர் மெட்ராஸ்லேருந்து வருவாரு. கார்லேருந்து இறங்காமலே பாப்பாரு. பக்கத்து வயல் கருகருன்னு நிக்குது, நம்மது வெளிறித் தெரிஞ்சா அடுத்த வருஷம் குத்தகை கை மாறிடும்.”

எனக்குப் பேச்சு வரவில்லை. பதினோரு வருடமாக ‘யூரியா கேட்பது அறியாமை, குறைத்துப் போடுவது தேவை’ என்று இரண்டு பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். அந்த மனிதருக்கு நிலம் கையில் நிற்பதுதான் முதல் தேவை. அவர் கேட்ட யூரியாவுக்குள் அது இருந்தது. பயிருக்கு என்ன தேவை என்பதை இலையைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த எனக்கு, அந்த ஆளுக்கு என்ன தேவை என்று கேட்கத் தோன்றவில்லை.

என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். இலை வண்ண அட்டை ஒன்று எடுத்துக் கொடுத்தேன். வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை படிப்படியாக அச்சடித்த பிளாஸ்டிக் அட்டை. நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு தடவை, காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், வெயில் நேராக விழாமல் நம் நிழலில் வைத்துப் பத்து இலை பார்க்க வேண்டும். பெரும்பாலான ரகங்களுக்கு நாலாம் எண் அளவு, வெள்ளைப் பொன்னிக்கு மூன்று. பத்தில் ஆறு இலை அதற்குக் கீழே வெளிறினால் மட்டும் தழைச்சத்து, அதாவது யூரியா, போட வேண்டும். “நிலத்துக்காரர் வந்தா இந்த அட்டையை இலையோட வச்சுக் காட்டுங்க. அளவு பார்த்துத்தான் போடுறேன்னு சொல்லுங்க” என்றேன். ஒரு மூட்டை யூரியாவும் வாங்கிக்கொண்டார். நான் தடுக்கவில்லை.

ஜூலை 3, காலை

அட்டை விற்றேனா, சும்மா கொடுத்தேனா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சும்மாதான் கொடுத்தேன்.

ஜூலை 19, மாலை

ஆடி பிறந்துவிட்டது. இரண்டு நாளாகக் கடையில் பெண்கள் கூட்டம். ஆடிப்பட்டம் தேடி விதைக்க அவரை, புடலை, பாகல், வெண்டை, பீர்க்கன் விதை வேண்டும். ஐந்தையும் சின்னச் சின்னப் பொட்டலமாகப் போட்டு ஒரு பையில் கொடுப்போம். இதில் பெரிய லாபம் இல்லை. அம்மா காலத்திலிருந்து வரும் பழக்கம், விட மனம் வரவில்லை.

இன்று ஒரு நடவு ஆள் அக்கா புடலை விதை வாங்க வந்தவர், பலகையைப் படித்துவிட்டுச் சொன்னார்: “நீ எழுதியிருக்கிற பழுப்புப் புள்ளி அந்த மேலத்தெரு வயல்ல நிறைய கெடக்கு பாப்பா. களை எடுக்கையில பாத்தேன். அந்தாளுக்குத் தெரியுமோ என்னமோ.”

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று பணம் கொடுப்பவர்தான் என் வாடிக்கையாளர் என்று நினைத்திருக்கிறேன். வயலில் குனிந்து நிற்பவர்கள் இவர்கள். நாற்றுப் பறிப்பது, நடுவது, களை எடுப்பது எல்லாம் இவர்கள் கை. நோயை முதலில் பார்ப்பதும் இவர்கள் கண். அவர்கள் என் கடைக்கு வருவது இந்த விதைப் பொட்டலத்துக்காக மட்டும்தான்.

நாளையிலிருந்து பொட்டலத்தின் பின்பக்கம் ஒரு வரி அச்சடிக்கப் போகிறேன். என்ன வரி என்று இன்னும் முடிவு செய்யவில்லை. மருந்து தெளித்த வயலில் எத்தனை நாள் கழித்து இறங்கலாம் என்பதா? அதை அவர்களுக்கு யாரும் சொல்வதே இல்லை. மருந்துக்கு மருந்து மாறும், ஒரே வரியில் அடங்காது. ‘களை எடுக்க இறங்கும் முன், என்ன மருந்து, என்றைக்கு அடித்தது என்று கேளுங்கள்’. இது சரியாக இருக்கும் போலிருக்கிறது.

ஜூலை 21, இரவு

அரசலாற்றங்கரைத் தம்பி உன் எண்ணெய்க் கடைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். உரக்கடைக்காரி சொல்வது, பொருந்தினால் எடுத்துக்கொள்.

இலவசத்தை எடுத்துவிடாதே. ஜனங்கள் அதைத்தான் பார்த்து வந்தார்கள். அதே கடலை எண்ணெயைக் கால் லிட்டர் கூடக் கொடுத்தால், வீட்டில் கை தாராளமாகி எண்ணெய்தான் கூடும். அதற்குப் பதில் கடலை எண்ணெய் வாங்குபவருக்குக் கால் லிட்டர் நல்லெண்ணெய் கொடு. ஒரே எண்ணெயையே சாப்பிடாமல் மாற்றிக்கொள்வது நல்லது என்று ஊட்டச்சத்து நிபுணர்களும் சொல்கிறார்கள். அந்தச் சின்ன பாட்டிலின் கழுத்தில் ஒரு அட்டை கட்டு: ‘பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம்’. உன் கடைக்காரர் “அப்ப வியாபாரம் கூடும்னு நெனச்சுதான் எழுதச் சொல்றீங்களா?” என்று கேட்பார். கூடலாம், கூடாமலும் போகலாம். அதிரசம் சுடும் வீட்டுக்கு அந்த வரி வேண்டியிருக்கிறது, அதற்காகத்தான். அதிலும் பொடி எழுத்தில் போடாதே. ‘இலவசம்’ எந்த அளவில் இருக்கிறதோ அதே அளவு எழுத்து.

ஆகஸ்ட் 16, இரவு 9.15

மழை, கரண்ட் இல்லை, போனில் எழுதுகிறேன். தலைப்பை விட்டு விலகினால் மன்னியுங்கள். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பழைய கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

1960களில் எங்கள் தஞ்சாவூர் ஜில்லாவில் ‘பேக்கேஜ் புரோகிராம்’ வந்தது. இந்தியாவில் முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் சேர்த்து. அப்போது குறுவைக்கு ஏ.டி.டி. 27 என்ற ஆடுதுறை ரகம் வந்தது. திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சி அதைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, ஜனங்கள் அந்த நெல்லுக்கே ‘ரேடியோ நெல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடையில் போய் ரேடியோ நெல் விதை இருக்கா என்றே கேட்பார்களாம்.

அப்பாவிடம் கேட்டேன், எல்லாரும் விவசாய நிகழ்ச்சி கேட்கவா ரேடியோ முன்னால் உட்கார்ந்தீர்கள்? “பாட்டுக்குத்தான் போவோம். பஞ்சாயத்து ரேடியோ ஒண்ணுதான். பாட்டு வர்ற வரைக்கும் எங்க போறது? உக்காந்து கேப்போம்” என்றார்.

கரண்ட் வந்துவிட்டது. தூங்கப் போகிறேன்.

நவம்பர் 24, காலை 6.00

ரொம்ப நாளாக எழுதவில்லை. மூன்று நாளாக விடாத மழை, சம்பாவும் தாளடியும் தண்ணீருக்குள். கடை வாசலில் முழங்கால் நனைய நின்று “ஏதாவது மருந்து குடுங்க, தெளிக்கணும்” என்கிறார்கள். அவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் கையில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடலாம் போல இருக்கிறது. பரிதாபமும் வியாபாரமும் ஒரே பக்கம் இழுக்கிற நேரம் இது. அந்தப் பழைய டானிக் பாட்டில் பெட்டிகள் இருந்திருந்தால் அரை நாளில் தீர்ந்திருக்கும்.

பலகையில் மேலே வானிலை அறிக்கை எழுதினேன். கீழே: ‘இன்று என்னிடம் எதுவும் வாங்காதீர்கள். வடிகாலை வெட்டிவிடுங்கள்.’

நவம்பர் 27, இரவு

மூன்று நாளும் கல்லாவில் சில்லறைதான். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, கணக்கு நோட்டை மட்டும் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

இன்று தண்ணீர் வடிந்த வயல்காரர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். இவர்களுக்குத்தான் இப்போது உரம் பயன்படும். ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இட வேண்டும். தண்ணீர் நிற்கும்போது இதையே போட்டிருந்தால் ஆற்றோடு போயிருக்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், ஆற்றில் போடவே வேண்டாம் என்கிறேன்.

நேற்று நான் சொன்ன பெரியவர், பாட்டிலைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனவர், அவரும் வந்தார். ஜிப்சம் மட்டும் வாங்கினார். “பலகையில எழுதுனது நல்லாருந்துச்சு” என்றார். அவ்வளவுதான். அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

(நேற்று அல்ல, ஜூன் மாதக் குறிப்பில் சொன்னவர். அலுப்பில் மாறி எழுதிவிட்டேன்.)

ஜனவரி 12, மதியம்

ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார், உளுந்து பற்றிப் பலகையில் எழுதினேனா என்று. எழுதினேன். நெல் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்து விதையை வயலில் தெளிக்க வேண்டும். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. நெல் அறுக்க ஆள் இல்லை, எல்லாருக்கும் மெஷின் வேண்டும். மெஷின் ஏறினால் முளைத்த உளுந்து நசுங்குகிறது. அவர்கள் மெஷின் கேட்பதும் நியாயம், மண்ணுக்கு வேண்டியதும் நியாயம். இதற்கு ஒரு வரியில் எழுத என்னிடம் பதில் இல்லை. இருப்பவர்கள் சொல்லுங்கள், உங்கள் ஊர்ப் பெயரோடு எழுதுகிறேன்.

ஜனவரி 29, காலை 5.20

வழக்கம்போல நேற்றோடு மேட்டூர் பாசனத் தண்ணீர் நின்றது. இன்றிலிருந்து பலகையின் மேல் வரி காலி. தம்பி, நீ கேட்டாயே, தண்ணீர் நின்றதும் யார் நின்று படிப்பார்கள் என்று. நேற்று மாலையே நாலு பேரிடம் கேட்டுவிட்டேன், இப்போது காலையில் எழுந்ததும் எதைத் தெரிந்துகொள்ள ஆசை என்று. நாலு பேரும் ஒன்றையே சொன்னார்கள்: எந்த அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், இன்று சாக்கு வந்ததா. இரண்டு நாள் பனியில் நெல்லைக் காத்துக்கொண்டு கிடப்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

கீழ் வரி தயாராக இருக்கிறது: ‘நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வரும்வரை காய வையுங்கள். இரவில் தார்ப்பாயை மூடுங்கள்.’

மேல் வரிக்குத்தான் உதவி வேண்டும். மன்னார்குடி, நீடாமங்கலம், கோட்டூர், திருத்துறைப்பூண்டி பக்கம் இருப்பவர்கள், உங்கள் ஊர் நிலையத்தில் இன்று வரிசை எவ்வளவு என்று காலை ஆறு மணிக்குள் இங்கே எழுதுங்கள். ஆறரைக்குப் பலகையில் ஏற்றிவிடுகிறேன்.